இலைக்குள் ஓர் இல்லம்



ஆஷாட மாதத்து வளர்பிறைச் சதுர்த்தசியில் நம் முனிவர்கள் சாதுர்மாஸ்ய விரதம் மேற்கொள்கின்றனர். ஆண்டின் மற்ற நாட்களில் ஊர்விட்டு ஊர் நடந்து அறம் உரைப்பவர்கள், மழைக்காலத்து நான்கு மாதங்களில் ஓரிடத்திலேயே தங்கிவிடுகின்றனர். இதன் காரணத்தை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். மழை பெய்ததும் மண்ணெங்கும் புல்லும் புழுவும் பூச்சியும் பெருகுகின்றன. வழிநடப்பவன் காலடியில் எண்ணற்ற உயிர்கள் மடிய நேரும். அதனை அஞ்சியே அருளாளர்கள் தம் பயணத்தை நிறுத்திக் கொள்கின்றனர்.

துறவியின் கால் நின்றுவிடுகிறது. இல்லறத்தில் இருக்கும் சாவகனின் கை அம்மாதங்களில் என்ன செய்கிறது? இவ்வினாவை நாம் நம்மையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்கும்படி எங்களுக்குக் கற்பித்தது ஒரு சிறு பறவையின் குடும்பம். அதனைப் பற்றி இவ்விதழில் சிந்திப்போம்.

தையல்சிட்டு

நம் வீட்டுக் கொல்லையிலும் கிணற்றடியிலும் காலை வேளையில், "டுவிட், டுவிட், டுவிட்" என்று உரத்த குரல் ஒன்று இடைவிடாது ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். குரலின் பெருமையைக் கொண்டு ஒரு பெரிய பறவையைத் தேடினால் ஏமாந்து போவோம். அக்குரலுக்கு உரியது ஏறத்தாழ ஐந்து அங்குல நீளமும் பத்து கிராமுக்கு உட்பட்ட எடையும் உடைய தையல்சிட்டு. முதுகு பாசிப்பச்சை நிறம், அடிப்புறம் வெண்மை, உச்சந்தலையில் செம்பழுப்பு. வாலை எப்போதும் நிமிர்த்தி வைத்துக்கொண்டு செடிக்குச் செடி தாவும். இனம் பெருக்கும் பருவத்தில் ஆண்குருவிக்கு வாலின் நடு இறகுகள் நீண்டு வளரும்.

நம் நாட்டில் இப்பறவை பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையுள்ள மாதங்களில் கூடு கட்டுகிறது. சில இடங்களில் பிற மாதங்களிலும் கட்டுவதுண்டு. முனிவர்கள் பயணத்தை நிறுத்தும் அதே காலத்தில் இச்சிட்டு தன் இல்லறத்தைத் தொடங்குகிறது என்பதைக் கருதிப் பாருங்கள்.

கூடு கட்டும் முறையே இதற்குத் தையல்சிட்டு என்னும் பெயரைத் தந்தது. தரையிலிருந்து அதிக உயரமில்லாத செடியில் அகன்ற மெல்லிய இலை ஒன்றைத் தேர்ந்து, அதன் இரு ஓரங்களையும் அருகே இழுத்துத் தைக்கிறது. ஓரிலை போதாவிடில் இரண்டு மூன்று இலைகளை இணைத்துத் தைக்கிறது. கூரிய அலகே ஊசி. பஞ்சும் நாரும் சிலந்தி நூலுமே இழை. அலகினால் இலையின் ஓரத்தில் துளையிட்டு, இழையை அத்துளை வழியே இழுத்து விடுகிறது. மறுபுறம் இழையின் நுனி பிரிந்து விரிந்து நிற்பதால், முடிச்சின்றியே தையல் நழுவாது இருக்கும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்குருவியே செய்கிறது. பின்னர் அப்பையினுள் பஞ்சும் மெல்லிய நாரும் நிரப்பி மெத்தையிட்டு முட்டையிடுகிறது.

இங்கே வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அலகு இடும் துளைகள் மிகச் சிறியன. ஆதலின் இலை கருகுவதில்லை. செடியோடு ஒட்டிப் பசுமையாகவே இருக்கிறது. இலையின் மேற்புறமே வெளியே தெரிவதால், பக்கத்து இலைகளுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. கையெட்டும் தூரத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்க, நாள்தோறும் அவ்வழியே நீர் இறைக்கச் செல்லும் நாம் அதனை அறியாமலே இருந்துவிடலாம்.

வழக்கமாக மூன்று முட்டைகள். சிற்சில வேளை நான்கும் உண்டு. ஏறத்தாழ 12 நாட்களில் குஞ்சு பொரிகிறது. அதன்பின் ஏறத்தாழ 14 நாட்களில் குஞ்சுகள் பறக்கத் தொடங்குகின்றன. தாய் தந்தை இரண்டும் இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. எச்சத்தை அகற்றிக் கூட்டைத் தூய்மை செய்கின்றன. பூனை, எலி, ஓணான், செம்போத்து ஆகியவற்றால் முட்டையும் குஞ்சும் அழிவது மிகுதி. கூடு அசைக்கப்பட்டால், பறக்கும் வலிமை வருமுன்னரே குஞ்சுகள் வெளியே குதித்துச் செடிகொடிகளின் இடையே ஒளிந்துகொள்ள முயலும். இக்கடைசிச் செய்தியை நாங்கள் நூலில் படித்து அறியவில்லை. எங்கள் முற்றத்தில் கண்டு அறிந்தோம்.

எங்கள் முற்றத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், சாதுர்மாஸ்யத்திற்குச் சற்று முன்னதாக, முனிவர் ஒருவர் எங்கள் ஊர் வழியாக எழுந்தருளப் போவதாகச் செய்தி வந்தது. ஊரே மகிழ்ந்தது. எங்கள் வீட்டு முற்றத்தைத் துப்புரவு செய்யத் தொடங்கினோம். கிணற்றடியில் குரோட்டன் செடி ஒன்று தழைத்துப் பாதையை மறைத்து நின்றது. அதன் கிளைகளை அரிவாளால் கழித்தோம். கை வெட்டிக்கொண்டிருந்தது. வாயோ, வருகின்ற விருந்தினருக்கு என்ன சமைப்பது, இனிப்பு எத்தனை வகை என்று பேசிக்கொண்டிருந்தது.

நான்காவது கிளையோ ஐந்தாவது கிளையோ விழுந்தபோது, அதிலிருந்து ஏதோ தெறித்துக் குதித்தது. தவளை என்று எண்ணினோம். அடுத்து ஒன்று குதித்தது, பின்னும் ஒன்று. இறகு பாதி முளைத்த குஞ்சுகள்! வெட்டிக் குவித்த இலைகளுக்குள் புகுந்து மறைந்துவிட்டன. தாயும் தந்தையும் தலைக்குமேல் பறந்து கதறின. தினமும் காலையில் நாங்கள் இனிமையென்று கேட்ட அதே குரல்தான். அன்று அதனைக் கேட்கச் செவி கூசியது.

அடுத்த அடி எடுத்து வைக்கவும் அஞ்சினோம். எந்த இலைக்கடியில் எது இருக்கிறதோ? முழந்தாளிட்டு இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். இரண்டு குஞ்சுகள் கிடைத்தன. வெட்டிய கிளையை அடிமரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, அவற்றைக் கூட்டில் இட்டு விலகி நின்றோம். அரை நாழிகையில் தாய் இரையோடு வந்தது. மூன்றாவது குஞ்சு அகப்படவில்லை. இரவு பூனையின் வாயில் அதனைக் கண்டோம். இலை வாடத் தொடங்கியது. மறுநாள் காலை கூடு வெறுமையாக இருந்தது. எஞ்சிய இரண்டும் பிழைத்தனவா என்பதை இன்றளவும் அறியோம்.

முனிவர் எழுந்தருளியபோது நடந்ததைக் கூறி வணங்கி நின்றோம். எவ்வளவு பெரிய பிராயச்சித்தம் விதிப்பாரோ என்று அஞ்சினோம். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்பு, "வெட்டும் முன் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். "பார்க்கவில்லை" என்றோம். "தூய்மை செய்யாத முற்றத்தில் நடந்து வருவது நமக்குக் குறையன்று. இனிமேல் பாருங்கள்" என்றார். அவர் கையில் மயிற்பீலி இருந்தது. மயில் தானே உதிர்த்த இறகுகளால் ஆனது அது. அமரும் இடத்தைக் கண்ணால் நோக்கி, பீலியால் மெல்ல வருடி, அதன் பின்னரே அமர்ந்தார். நூறு முறை கண்ட அக்காட்சியின் பொருள் அன்றுதான் எங்கள் நெஞ்சில் பதிந்தது.

அதுவும் நம்மைப் போன்றதே

"ஒரு குருவிக் குஞ்சுதானே!" என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாமா? ஜினாகமம் அதற்கு இடம் தரவில்லை. உயிர்ப்பை நிலைநிறுத்தும் பிராணன்கள் பத்து. ஐம்பொறிகளின் ஆற்றல் ஐந்து, மனம், சொல், உடல் என்னும் வலிமைகள் மூன்று, மூச்சு ஒன்று, ஆயுள் ஒன்று. ஓரறிவுடைய செடிக்கு இவற்றுள் நான்கே உண்டு. அச்சிட்டுக்கோ பத்தும் உண்டு. நமக்கும் பத்தே. கருவில் தோன்றும் பிறப்பு வகைகளுள் நம்முடையது சராயுஜம், அதனுடையது அண்டஜம். அது முட்டையில் தோன்றுகிறது, வேறுபாடு அவ்வளவே.

ஆகாரம், அச்சம், புணர்ச்சி, பற்று என்னும் நான்கு சஞ்ஞைகளும் எல்லா உயிர்களையும் பற்றியுள்ளன என்பது ஆன்றோர் கொள்கை. இந்நான்கையும் ஓர் இலைக்குள் காணலாம். இறகு நீண்டு துணையை நாடுவது ஒன்று. பஞ்சு தேடி மெத்தையிட்டு, 'இது எனது' என்று காப்பது ஒன்று. பச்சை இலைக்குள் ஒளிந்து வாழ்வது ஒன்று. விடியல் முதல் அந்தி வரை இரை தேடி அலைவது ஒன்று. நம் இல்லறத்தைச் சுருக்கிச் சொன்னாலும் இந்நான்கே மிஞ்சும். மணமுடிக்கிறோம், வீடு கட்டுகிறோம், கதவைத் தாழிடுகிறோம், பிள்ளைகளுக்குச் சோறு தேடுகிறோம்.

பின் நமக்கு எதனால் உயர்வு? பகுத்தறிந்து கையை நிறுத்தும் ஆற்றலால். அதனைப் பயன்படுத்தாதபோது, மனிதப் பிறவி என்னும் அரிய பேறு நம் கையில் இருந்தும் இல்லாததே.

மாக்கோழியும் எங்கள் அரிவாளும்

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தை நம் வீடுகளில் அறியாதார் இலர். மன்னன் யசோதரன் உயிர்க்கோழியைப் பலியிட மறுத்து, தாயின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். அவ்வொரு செயலின் பயனாக அவனும் தாயும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகள் எடுத்து உழன்றனர். மாக்கோழியில் உயிர் இல்லை; கொல்லும் எண்ணம் இருந்தது.

இக்கதையைக் கேட்டுக் கேட்டு நம்முள் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். எண்ணம்தானே வினைக்கு வித்து. நமக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. ஆகவே நமக்குக் குற்றமும் இல்லை என்று அமைதி கொள்கிறோம். எங்கள் முற்றத்தில் நடந்ததை இதனோடு வைத்து எண்ணிப் பாருங்கள். அங்கே கொல்லும் எண்ணம் இல்லை. முனிவரை வரவேற்கும் நல்லெண்ணமே இருந்தது. ஆனால் உயிர் இருந்தது, அது மாண்டது.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிரைப் பிரிப்பதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதம் எனப்படும் கவனமின்மையை முன்னே வைத்துப் பேசுகிறது. பிரமாதம் பதினைந்து வகை. வீண்பேச்சு நான்கு, கஷாயங்கள் நான்கு, பொறிகளின் வழிச் செல்லுதல் ஐந்து, உறக்கம் ஒன்று, பற்று ஒன்று. வீண்பேச்சு நான்கினுள் உணவைப் பற்றிய பேச்சும் ஒன்று. அரிவாள் ஓங்கிய நேரத்தில் இனிப்பு வகைகளை எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, நம் ஆசாரியர்கள் எத்துணை நுட்பமாக மனித மனத்தை அறிந்திருந்தனர் என்பது விளங்கியது. பார்த்து நடப்பவன் காலடியில், அவன் காணும் முன் வந்து ஓர் உயிர் மடிந்தால், அவனுடைய உள்ளம் மாசுறுவதில்லை. பாராமல் நடப்பவனோ, ஓர் உயிரும் மடியாவிட்டாலும் இம்சையில்தான் நிற்கிறான்.

ஆகவே, 'கொல்ல எண்ணவில்லை' என்பது நம் விரதத்தின் பாதி. 'கொல்லாதிருக்க எண்ணினேன்' என்பது மறுபாதி. முன்னது சும்மா இருப்பவனுக்கும் வாய்க்கும். பின்னதற்குக் கண் திறந்திருக்க வேண்டும்.

ஐந்து குற்றங்கள்

அகிம்சை அணுவிரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றை ஆடுமாடு வளர்ப்போர்க்கு உரியனவாக மட்டுமே எண்ணுகிறோம். கூட்டிலிருக்கும் பறவைக்கும் இவற்றுள் சில பொருந்தும்.

குஞ்சின் அழகில் மயங்கி அதனைக் கூண்டில் அடைப்பது கட்டி வைத்தல் என்னும் குற்றம். கூட்டைக் காண ஆவல்கொண்டு நாள்தோறும் பலமுறை அருகில் சென்று நின்றால், தாய்ப்பறவை அஞ்சி வாராது. குஞ்சு பசியால் வாடும். அது உணவைத் தடுத்தல் என்னும் குற்றம். அன்பினால் செய்தோம் என்று நாம் கூறிக்கொள்ளலாம். குஞ்சின் பசிக்கு அவ்வேறுபாடு தெரியாது.

டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிபட்ட பறவைகளுக்கு அங்கே மருத்துவம் செய்து, நலம் பெற்றதும் வானில் விட்டுவிடுகின்றனர். காப்பாற்றியவருக்கும் அப்பறவை உடைமை ஆவதில்லை. இதுவே ஜீவதயையின் நெறி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. அரசின் சட்டம் இன்று சொல்வதை நம் அறம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நமக்கு விதித்துவிட்டது.

ஓர் ஐயம்

"அச்சிட்டும் புழுவையும் பூச்சியையும் கொன்றுதானே தன் குஞ்சுக்கு ஊட்டுகிறது? அதனைக் காத்தால் அவ்வுயிர்களின் அழிவுக்கு நாம் துணைபோனதாகாதா?" என்று இளைஞர் சிலர் கேட்பர். நல்ல கேள்வி.

நாம் அக்குருவியைத் துறவியாகக் கொண்டாடவில்லை. அது திரியக் கதியில் தன் வினைப்பயனை நுகர்ந்து வாழ்கிறது. மாயையால், அதாவது வஞ்சனையால், அக்கதி வாய்க்கும் என்பது நூற்கொள்கை. நாமும் எத்தனையோ முறை அக்கதியில் உழன்றவர்களே. மனம் உடைய விலங்கும் பறவையும் நற்காட்சி பெறவும், ஓரளவு விரதம் ஏற்கவும் கூடும் என்று ஆகமம் கூறுகிறது. ஆதலின் எவ்வுயிரையும் மீட்சியற்றது என ஒதுக்க நமக்கு உரிமையில்லை. அதன் அலகு செய்வதற்கு நாம் பொறுப்பாளி அல்லர். நம் கை செய்வதற்கு நாமே பொறுப்பாளி. நாம் ஏற்ற விரதம் நம் கையைப் பற்றியது.

ஆயினும் அக்குருவியிடம் கற்க ஒன்றுண்டு. ஓரறிவுயிராகிய இலையில் அது வீடு கட்டுகிறது. அவ்விலையை அது கொல்லவில்லை. இல்லறத்தில் இருக்கும் நாம் மண்ணையும் நீரையும் செடியையும் பயன்படுத்தாமல் வாழ இயலாது. தேவையான அளவு துளையிட்டு, இலை வாடாமல் வாழ முயலலாம் அன்றோ?

நாம் செய்யக்கூடியன

செடிகொடிகளைக் கழிக்கும் வேலையை, இயன்றவரை, இம்மழை மாதங்களில் தள்ளி வையுங்கள். தவிர்க்க முடியாவிடில் ஒவ்வொரு கிளையையும் வெட்டும் முன் மெல்ல விலக்கி, இலையைத் திருப்பிப் பாருங்கள். சுருண்ட இலை எல்லாம் பூச்சி அரித்த இலையன்று.

கூடு இருப்பது தெரிந்தால் ஒரு மாதம் பொறுத்திருங்கள். முட்டைக்கு 12 நாட்கள், குஞ்சுக்கு 14 நாட்கள். அதன் பின் கூடு தானே ஒழிந்துவிடும். அதுவரை கூட்டைத் தொட வேண்டா. அடிக்கடி சென்று எட்டிப் பார்க்கவும் வேண்டா. சிறுவர்க்குத் தொலைவிலிருந்தே காட்டுங்கள். தாய் இரையோடு வந்து போவதைத் திண்ணையிலிருந்து ஒரு நாழிகை பார்த்த பிள்ளைக்கு அகிம்சையைத் தனியே பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை.

அச்செடிக்குப் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். பெற்றோர் கொண்டுவரும் இரையோடு அந்நஞ்சும் குஞ்சின் வாய்க்குச் செல்லும். தையல்சிட்டு தானியம் உண்பதில்லை. அரிசி இறைப்பதால் அதற்குப் பயனில்லை. ஒரு சட்டியில் நீர் வைத்தால் எல்லாப் பறவைக்கும் ஆகும்.

ஜினாலயத் திருவிழாவிற்கு முன் வெள்ளையடிப்போரும், மதிலில் முளைத்த செடிகளைக் களைவோரும் இதனைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். அருகப் பெருமானின் ஆலயத்தைத் தூய்மை செய்யும் கையால் ஒரு கூடு குலையலாகாது. ஆட்களை ஏவிவிட்டு நாம் அகன்றுவிட்டால் பொறுப்பும் அகன்றுவிடாது. செய்வித்தலும் உடன்படுதலும் செய்தலோடு ஒப்பவே எண்ணப்படும்.

அன்பர்களே! குஞ்சுகள் பறந்தபின் அக்கூட்டை ஒருமுறை சென்று பாருங்கள். எத்தனை தையல், எத்தனை பஞ்சு, எத்தனை நாள் உழைப்பு! அத்தனையும் விட்டுவிட்டு அவை சென்றுவிட்டன. இலை ஒருநாள் பழுத்து உதிரும். கூடும் அதனோடு போகும். நம் உடம்பும் வீடும் அத்தகையனவே. விட்டுச் செல்லும் நாள் வரும்போது நம்மோடு வருவது, எந்தக் கையோடு வாழ்ந்தோம் என்பது மட்டுமே.

எங்கள் கிணற்றடியில் அந்தக் குரோட்டன் செடி மீண்டும் தழைத்துவிட்டது. பாதையை மறைத்தபடியேதான் நிற்கிறது. நாங்கள் சற்றுச் சுற்றி நடக்கிறோம். அரிவாள் எடுக்க நேரும் ஒவ்வொரு முறையும் முனிவரின் வினா காதில் ஒலிக்கிறது. உங்கள் காதிலும் அது ஒலிப்பதாக: "வெட்டும் முன் பார்த்தீர்களா?"

எல்லா உயிரும் இன்புறுக! அருகன் அறம் வளர்க!